வேலியோரக் குதிரைக்காரர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார். கயிறு உங்கள் கையில் இருக்கும், வியர்வை உங்கள் முதுகில் ஓடும், யோசனை மட்டும் வேலிக்கு அப்பாலிருந்து வரும். அந்த வேலியோரப் புத்திசாலிகளைக் கொஞ்சம் கேலி பண்ணத்தான் போகிறேன். அதற்கு முன் ஒரு நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையார் பொறுக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் கந்தப்பு தன் வெறுங்காணியில் குதிரை பழக்கத் தொடங்கிய நாட்களில், விடியும் முன்னரே யாரோ ஒருவர் அங்கே குனிந்து குனிந்து கல்லும் முள்ளும் பொறுக்கிக் கடகத்தில் போட்டுக்கொண்டு போவதை இரண்டு முறை கண்டார். பக்கத்து வளவு லயனல் கிளாக்கர்! கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். கந்தப்பு கேட்கவும் இல்லை.

வெயில் ஏறியதும் அதே லயனல் கிளாக்கர் வேலியில் ஓலைக் கிடுகு விலகிய இடத்தால் தலையை நீட்டுவார். பிறகு எங்கே குதிரை பழக்குவது?

குதிரை வந்த கதை இதுதான். கந்தப்புவின் மனைவி இரத்தினம்மாவுக்கு ஒரு கால் இயங்காமல் போயிற்று. திரும்ப ஊன்றி எழும்பினால் ஆடி அமாவாசைக்குச் சொந்த வண்டியில் போய்க் கீரிமலைக் கடலில் சுவாமியோடு தீர்த்தமாடுவேன் என்று நேர்ந்தாள். கடவுள் கண் திறந்தார், எழும்பிவிட்டாள். ஆனால் வண்டி மாடு மாசியில் செத்துப்போயிற்று. நெடுந்தீவிலிருந்த மச்சான் இரக்கப்பட்டு ஒரு மட்டக்குதிரையைத் தோணியில் ஏற்றி அனுப்பினான். அமாவாசைக்கு மூன்று மாதம் இருந்தது.

வண்டியில் பூட்டுமுன் குதிரையை நீளக் கயிற்றில் வட்டம் விடவேண்டும். நடுவில் மனிதர் நிற்பார், குதிரை அவரைச் சுற்றி வரும். கயிறு தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. இடப்பக்கம் பத்துச் சுற்று என்றால் வலப்பக்கமும் பத்து. நட என்றால் நடக்கவும், ஓடு என்றால் ஓடவும், நில் என்றால் நிற்கவும் அது அப்படித்தான் படிக்கும். மச்சான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். இது போதாதா?

போதாது என்றார் லயனல் கிளாக்கர். அவர் நுவரெலியாவில் ஒரு கந்தோரில் இருபது வருடம் எழுத்தராக இருந்தவர். அந்தக் கந்தோர் யன்னலால் துரைமாரின் குதிரைகள் தெரியுமாம். யன்னலால் பார்த்ததை இப்போது வேலியால் படிப்பித்தார்.

“கந்தப்பு, கொஞ்சம் நில்லும். ஒரேயொரு சொல்லு. உது வட்டமே? கோழிமுட்டை!”

“ஓம் கிளாக்கர் அண்ணை.”

“உள்பக்கக் காது உம்மைப் பார்க்கோணும். உது என்னையெல்லோ பார்க்குது!”

“நீங்கள்தானே அண்ணை கதைக்கிறியள்.”

கந்தப்பு மரியாதை தெரிந்த மனிதர். மூத்தவர் ஒருவர் கதைக்கும்போது குதிரையை ஓடவிட்டுக்கொண்டு நிற்கலாமா? ஆகவே வேலியில் குரல் கேட்டதும் குதிரையை நிறுத்துவார், தலையாட்டிக் கேட்பார், பிறகு ஓட்டுவார். அடுத்த சுற்றிலும் ‘ஒரேயொரு சொல்லு’ வரும். கொஞ்சம் சும்மா இருங்கோ அண்ணை என்று சொல்ல அவர் நாக்குப் பலமுறை எழும்பியது. கல் பொறுக்கிய அந்தக் குனிந்த முதுகு நினைவுக்கு வந்து நாக்கை மடக்கிவிடும்.

ஆடி அமாவாசை விடிந்தது. இரத்தினம்மா முழுகிப் பட்டுடுத்து, அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். குதிரை அழகாகப் புறப்பட்டது. தான் படிப்பித்த குதிரையின் நடையைப் பார்க்க லயனல் கிளாக்கர் சைக்கிளில் பின்னால் வந்தார்.

இருபக்கமும் வேலி நெருங்கிய முதல் ஒழுங்கை. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: “எங்கை போறியள், கந்தப்பு?”

குதிரை நின்றது.

கந்தப்பு தட்டி ஓட்டினார். அடுத்த வேலி: “கீரிமலைக்கே? உதுக்குத் தண்ணி காட்டினியளே?”

நின்றது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் வாய் இல்லாத வேலி உண்டா? ஒன்பது வேலி, ஒன்பது தரிப்பு. குதிரையில் பிழை இல்லை. வேலிக்குள்ளிருந்து குரல் வந்தால் நிற்கவேண்டும் என்பதை அது மூன்று மாதமாகத் திறமாகப் படித்திருந்தது.

சூரியன் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரத்தினம்மாவின் கண் கலங்கிவிட்டது. கந்தப்பு சொல்லாததை அவள் சொன்னாள்:

“கிளாக்கர் அண்ணை, கோவியாதேங்கோ. நீங்கள் ஒரேயொரு சொல்லு எண்டு கூப்பிட்ட நேரமெல்லாம் இவர் உதை நிப்பாட்டினவர். இப்ப வேலிக்குள்ளை ஆர் வாய் திறந்தாலும் நிக்குது. சுவாமி தீர்த்தமாடி முடிஞ்சுதெண்டால் என்ரை நேத்தி என்னாகிறது?”

லயனல் கிளாக்கர் வாயைத் திறந்தார். குதிரை காதைத் திருப்பியது. வாயை மூடினார்.

பிறகு அவர் செய்ததை நம்புவீர்களோ தெரியாது. சைக்கிளை மிதித்து வண்டிக்கு முன்னால் போனார். ஒவ்வொரு வேலியிலும் இறங்கி, உதட்டில் விரலை வைத்து, கும்பிட்டு, கையால் கெஞ்சி, எழும்பிய தலையையெல்லாம் உள்ளே அனுப்பினார். இடையிடையே திரும்பிக் கந்தப்புவின் கையிலிருந்த கயிற்றைப் பார்ப்பார். கழுத்து நரம்பு புடைக்கும், உதடு துடிக்கும். ஒரு சொல் வரவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற அந்த மனிதர், கீரிமலை வரைக்கும் மௌன முனிவர் போலப் போனார்.

சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளிய மணிச்சத்தத்துடன் வண்டியும் போய்ச் சேர்ந்தது. இரத்தினம்மா கணவனின் தோளைப் பிடித்தபடி கடலில் இறங்கி, மூன்று முறை முழுகி எழும்பினாள்.

சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை வாசித்துவரும்போது, ‘கந்தப்பு இப்படிச் செய்திருக்கலாமே’ என்று எங்கேயாவது நினைத்தீர்களா? குதிரைக் காதில் பஞ்சு வைத்திருக்கலாம் என்று? வேறு வழியால் போயிருக்கலாம் என்று? அப்படியானால் கிடுகை விலக்கி நிற்பவர் நீங்கள்தான். எதற்கும் கண்ணாடியை ஒருமுறை பாருங்கள்.

ஆறு வருடம் கழித்து லயனல் கிளாக்கர் மகள் மியூரியலுடன் இருக்கக் கொழும்புக்குப் போனார். அங்கேயே கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார். கொழும்புக்கு ரயில் ஏறிய அன்று சுன்னாகம் ஸ்டேசனில் கந்தப்பு யன்னலடியில் நின்று கண்ணைத் துடைத்தார். ரயில் அசைந்தது. கிளாக்கர் அவசரமாகத் தலையை வெளியே நீட்டினார்:

“கந்தப்பு, ஒரேயொரு சொல்லு. அண்டைக்குக் கீரிமலைக்குப் போகேக்கை கயிறை இறுக்கிப் பிடிச்சனீர். இவ்வளவு காலமும் சொல்லாமல் வைச்சிருந்தனான்.”