டர்போவுக்குப் போர்வை

டர்போவுக்குப் போர்வை போர்த்துவது என்று நான் முடிவெடுத்த அன்று, குற்றாலத்தில் சாரல் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயவில்லை. மனிதர்கள் எல்லாரும் போர்வைக்குள் கிடந்தார்கள். எங்கள் காருக்கு மட்டும் ஏன் வஞ்சகம் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

முடிவை உமாவிடம் சொன்னேன். உமாதேவி என் மனைவி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு அலுவலகத்திலிருந்துதான். வீட்டிலிருந்து யாரும் ஓய்வு தருவதில்லை.

"டர்போவுக்குப் போர்வை போர்த்தப் போறேன்."

"யாருக்கு?"

"டர்போவுக்கு. வண்டியில இருக்குல்லா."

"என்னத்துக்கு, காய்ச்சலா?"

"காய்ச்சல் இருக்கணும்ங்கதுக்குத்தான் போர்வை. சூடு தங்குனாத்தான் வண்டி இழுக்கும்."

"இப்பம் இழுக்கலையா?"

"இழுக்கல. நீயும்தான் பாத்த."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தாள்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைதோறும் நாங்கள் பாளையங்கோட்டையில் மகள் ஸ்மிருதி வீட்டுக்குப் போவோம். சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆலங்குளம் தாண்டி ஒரு லாரியை முந்தினேன். முந்திவிட்டு இடப்பக்கம் ஒதுங்கினேன். பட்டென்று ஒரு சத்தம். இடது பக்கக் கண்ணாடி மடங்கிக் கதவோடு ஒட்டியது. லாரிக்கு முன்னால் ஓரமாக ஒரு பைக் போயிருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் நாலு வயதுப் பிள்ளை. பைக் ஆடி, சரளையில் இறங்கி, விழாமல் நின்றது.

யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஆள் இறங்கி வந்தான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் திட்டவில்லை. திரும்பிப்போய்ப் பிள்ளையைத் தடவிப் பார்த்தான். பிள்ளையின் காலில் ஒரு செருப்பைக் காணோம். அது நடுரோட்டில் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிப் போனது.

உமா இறங்கிப்போய்ப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாளையங்கோட்டை வரை நான்தான் பேசினேன்.

"வண்டி இழுக்கல உமா. அந்த இடத்துல ஒரு இழுப்பு இழுத்திருந்தா பைக்கையும் தாண்டிப் போயில்லா திரும்பியிருப்பேன்."

அன்றிலிருந்து வண்டியை ஆராயத் தொடங்கினேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. நான் எதையும் அளந்து எழுதுகிறவன். மேலகரத்திலிருந்து மகள் வீட்டு வாசல் வரை முன்பெல்லாம் ஒரு மணி பதினைந்து நிமிடம். இப்போது ஒன்றே முக்கால் மணி. நோட்டில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றினேன். டீசல் ஃபில்டர் மாற்றினேன். மெக்கானிக் மூசா எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "வண்டி சும்மா கிண்ணுனு இருக்கு அண்ணாச்சி" என்றான். மூசா உமாவிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவன். அதனால் அவன் சொல்லை நான் முழுசாக நம்புவதில்லை.

பிறகுதான் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். என்ஜின் விடும் புகை, வெளியே போகிற வழியில் ஒரு காற்றாடியைச் சுற்றிவிட்டுப் போகிறது. அது சுற்றினால் இன்னொரு காற்றாடி சுற்றி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. இதுதான் டர்போ. புகை எவ்வளவு சூடோ அவ்வளவு தெம்பு. அந்தச் சூடு வீணாக வெளியே கசிகிறது. கண்ணாடி நாரில் நெய்த ஒரு போர்வையால் மூடிவிட்டால் கசியாது. வண்டி பறக்கும். தபாலில் வரவழைத்தேன். பார்க்க, குளிருக்குக் குழந்தை தலையில் கட்டும் குல்லா மாதிரி இருந்தது.

உமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்லுதது தப்பில்ல" என்றாள்.

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த வாக்கியத்தை நான் முதல் முறையாகக் கேட்டேன். கொஞ்சம் பயமாக இருந்தது.

"சூடு தங்குனா காத்தாடி சீக்கிரம் சுத்தும். பந்தய வண்டியில கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நம்ம வண்டியில தெரியுமா தெரியாதாங்கதத்தான் அளந்து பாக்கணும். நீங்க சர்வேயர்லா, அளக்காம எப்படி நம்புவீய?"

"அளப்போம்."

"ஒழுங்கா அளக்கணும். நாலு சனிக்கிழமை. ஒரே ரோடு, ஒரே நேரம். சில வாரம் போர்வை இருக்கும், சில வாரம் இருக்காது. வெள்ளிக்கிழமை மூசா பாத்துக்கிடுவான். இருக்கா இல்லையான்னு ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி என்கிட்ட குடுத்துருவான். வண்டியில இருக்கவங்களுக்குத் தெரியக் கூடாது. கடைசியில பிரிப்போம்."

"பிரமாதம். நான் ஓட்டுதேன்."

"நீங்க ஓட்டக் கூடாது."

"ஏன்?"

"நீங்க போர்வை மேல ஆசை வச்சிருக்கீய. ஆசை இருந்தா கால் தன்னால அழுத்தும். கணக்கு கெட்டுப் போகும். ஆசை இல்லாத ஆளுதான் ஓட்டணும்."

"அப்படி யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்லா."

சிரித்துவிட்டேன். "உனக்கு ஓட்டவே தெரியாதே உமா."

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு சின்ன அட்டையை என் முன்னால் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். அதில் இருந்த உமாதேவி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

"எப்பம் படிச்ச?"

"தென்காசியில சனோபர்னு ஒரு பிள்ள பொம்பளையளுக்கு மட்டும் வகுப்பு எடுக்கா. அவகிட்ட."

"சாயங்காலமெல்லாம் காசி விசுவநாதர் கோயிலுக்குல்லா போயிட்டு வந்த? நாப்பது நாள் வேண்டுதல்னு சொன்னியே."

"வேண்டுதல்தான். வகுப்பும் நாப்பது நாள்தான். முடிச்சிட்டுக் கோயில் வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் வருவேன்."

எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நான் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லியிருந்தேன்.

கோபம் வந்தது. ஆனால் நாலு கவரும் மூசாவின் கையெழுத்தும் சோதனையும் என்னை இழுத்துவிட்டன. நாற்பது வருடம் சங்கிலி பிடித்து அளந்தவனுக்கு இது ஒரு நோய். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

முதல் சனிக்கிழமை. உமா சீட்டை முன்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட் போட்டு, பிறகு நெற்றியில் இருந்த விபூதியைச் சரிசெய்து வண்டியை எடுத்தாள். பாவூர்சத்திரம் வரை எனக்கு மூச்சு வரவில்லை. அறுபதுக்கு மேல் முள் ஏறவே இல்லை. பாளையங்கோட்டை சேர்ந்தபோது மணி பார்த்தேன். ஒரு மணி பதினாலு நிமிடம். நோட்டில் எழுதினேன்: "இழுப்பு இல்லை. போர்வை போடவில்லை என்று தெரிகிறது."

இரண்டாவது சனிக்கிழமை வண்டி மேட்டில் சரசரவென்று ஏறியது. என் முதுகு சீட்டோடு ஒட்டியது. "இன்னைக்குப் போர்வை இருக்கு" என்றேன்.

"எப்படிச் சொல்லுதீய?"

"சத்தமே வேற. கேக்கலையா? விசில் மாதிரி."

"எனக்குக் கேக்கல."

"நீ இப்பந்தான ஓட்டுத. எனக்கு இருபத்தஞ்சு வருச அனுபவம்." 

ஒரு மணி பதிமூன்று. மூன்றாவது வாரம் இன்னும் பிரமாதம். ஆலங்குளம் தாண்டியதும் பறந்தோம் என்று அரைப் பக்கம் எழுதினேன். ஒரு மணி பதினாலு. நாலாவது வாரம் வண்டி செத்துப்போய்விட்டது. மாடு கட்டி இழுத்த மாதிரி வந்தது. போர்வை இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் மகள் வீட்டுத் தெருமுனையில் மணி பார்த்தேன், ஒரு மணி பதினாலு. ஆனால் தெருவுக்குள் வண்டி திரும்பவில்லை. நேரே போனது.

"இடது பக்கம்லா திரும்பணும்."

"தெரியும்."

ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள்.

"இங்கன யாருக்கு என்ன?"

"இறங்குங்க. கவரு பிரிக்கணும்லா. உள்ள உக்காந்து பிரிப்போம்."

உள்ளே வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டோ இரண்டையும் மூடிக்கொண்டோ இருந்தார்கள். உமா கைப்பையிலிருந்து நாலு கவரையும் எடுத்து என் மடியில் வைத்தாள். ஒட்டு அப்படியே இருந்தது. முதல் கவரைப் பிரித்தேன். "இல்லை" என்று மூசா எழுதியிருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் சொன்னதுதானே.

இரண்டாவது: "இல்லை." மூன்றாவது: "இல்லை." நாலாவதைப் பிரிக்கக் கை வரவில்லை. உமாவே பிரித்துக் கொடுத்தாள். அதில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தது. "இல்லை. முதல் வாரம் போர்வை போடப் போனப்பதான் பார்த்தேன், டர்போ பக்கத்தில் ஆயில் லேசாகக் கசியுது. போர்வை ஆயிலைக் குடிச்சா தீப்பிடிக்கும். அண்ணாச்சி மன்னிக்கணும், ஒரு நாள்கூடப் போடல."

சரசரவென்று ஏறிய மேடு, விசில் சத்தம், செத்துப்போன வண்டி, எல்லாம் நோட்டில் என் கையெழுத்தில் இருந்தன. எழுதும்போது நான் ஒப்பிட்டே பார்க்காத இன்னொன்றும் இருந்தது. போர்வையே இல்லாமல், புதிதாக ஓட்டப் படித்தவள், அறுபதைத் தாண்டாமல், நாலு வாரமும் ஒன்றேகால் மணிக்குள் வந்திருக்கிறாள். அதே வண்டி. அதே ரோடு. நான் ஓட்டினால் ஒன்றே முக்கால். அந்த அரை மணி நேரம் வண்டியில் இல்லை. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது தரம் பார்க்கத் தைரியம் இல்லை.

"வண்டில ஒண்ணும் இல்லன்னு உனக்கு எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அந்தப் பைக்கு ரொம்ப நேரமா நமக்கு முன்னாலதான் போச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்களும் பாத்திருப்பீயன்னு நெனச்சேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். முத்துக்குமாரசாமி. ஒரு வாரத்துக்கு முன்பே பதிவு செய்திருக்கிறாள்.

ஒரு பெட்டிக்குள் மோவாயை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் மின்னவில்லை. மிஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "இல்லை சார், மின்னிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் மிஷின் பக்கத்தில் நின்ற பெண்.

டாக்டர் ஒரு தாளை மேஜையில் விரித்தார். என் பார்வையின் வரைபடம். வரைபடம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வெள்ளையாக இருப்பது என்னிடம் இருப்பது. கறுப்பாக இருப்பது போனது. ஊரில் எத்தனை பேர் எல்லைக்குக் கல் நட்டிருப்பேன். என் கண்ணில் இடது பக்கம் முழுக்கப் புறம்போக்காகிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

"கண்ணுக்குள்ள பிரஷர். கிளாக்கோமா" என்றார் டாக்டர். "வலிக்காது. அதான் தெரியாமப் போச்சு. போனது திரும்பாது சார். இருக்கதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து விடாம போடணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

பிறகு எழுதிக்கொண்டே கேட்டார். "வண்டி ஓட்டுறீங்களா?"

உமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் தொங்கிய கண்ணின் படத்தைப் பாடம் நடத்தப்போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேனாவை நிறுத்திக் காத்திருந்தார். எனக்கு ரோட்டில் கிடந்த அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. ஒரு அடி, ஒரே ஒரு அடி இடம் மாறியிருந்தால் லாரி எதன் மேல் ஏறியிருக்கும் என்று மூன்று மாதமாக நான் நினைக்காமல் தள்ளி வைத்திருந்ததை அன்று அந்த நாற்காலியில் நினைத்தேன்.

"இல்ல டாக்டர்" என்றேன். "எங்க வீட்டுல அவதான் ஓட்டுதா."

உமா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அவள் நாலு வாரமாக, நாற்பது நாளாக எதற்குப் பாடுபட்டாளோ அந்த ஒரு வாக்கியத்தை என் வாயாலேயே, என் இஷ்டப்படியே சொல்லிவிட்டேன்.

மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வானம் மூட்டமாக இருந்தது. ஆலங்குளத்துக்கு முன்னால் சாரல் கண்ணாடியில் விழத் தொடங்கியது. உமா வைப்பரைப் போட்டாள். மடியில் சொட்டு மருந்துப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பைக்க நான் பாக்கவே இல்ல உமா."

"ம்."

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீய? எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லி என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீய."

நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

கொஞ்ச தூரம் போனோம். ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் பிடித்த ஸ்டீயரிங்கை விட்டுக் கொடுக்கும்போது கொஞ்சமாவது மரியாதையோடு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சரி உமா. இனி நீயே ஓட்டு. நான் குறுக்க வரல. ஆனா உனக்கு அனுபவம் பத்தாது. அதனால நான் பக்கத்துல இருந்து இடது பக்கத்தப் பாத்துச் சொல்லிக்கிட்டே வாரேன்."

அவள் ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டாள். கியரை மாற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பக்கந்தான் தெரியலன்னு இப்பம் மருந்து வாங்கிட்டு வாரோம்."