மச்சான் லாரிச் சக்கரத்தில் மருந்து

சும்மா இருக்கத் தெரியாத ஆளைப் பட்டாசுக் கம்பெனியில் வேலைக்கு வைக்கக் கூடாது. என்னை வைத்தார்கள். அதுவும் போர்மேனாக. (தப்பு அவர்கள் மேல்தான் என்று இன்றைக்கும் வாதாடுகிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.)

போர்மேன் வேலை என்பது ஷெட் ஷெட்டாக நடந்துகொண்டே இருப்பது. ஆட்கள் செருப்பைக் கழற்றினார்களா, யாராவது பாலியஸ்டர் சட்டை போட்டு வந்திருக்கிறார்களா, வாளிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே திரிய வேண்டும். எனக்கென்றே செய்து வைத்த வேலை. நான் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும். அப்போது போர்மேன் சான்றிதழ் வாங்கிய புதுசு வேறு. மூடிய டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே என்ன வெடிமருந்து என்று சொல்லிவிடுவேன் என டீக்கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன். (மருந்து டப்பாவை எவனும் குலுக்கக் கூடாது என்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம்.)

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மச்சான், காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். வடக்கே எங்கேயோ ஓடி, பல கை மாறி, நாமக்கல் புரோக்கர் மூலமாக வந்த வண்டி. அக்கா தினமும் சாமிக்குக் காட்டிய சூடத்தை அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்து லாரிக்கும் காட்டுவாள். நான் எங்கள் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கோயம்புத்தூருக்கு ஒரு லோடு வாங்கிக் கொடுத்தேன்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரக்கு கடையில எறங்கிருச்சுன்னா சீசன் பூரா உங்க மச்சானுக்குத்தான் லோடு. பிந்துச்சுன்னா அம்புட்டுத்தான், அடுத்த வண்டிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்” என்றார் மேனேஜர்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் நாரணாபுரம் கம்பெனியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டினோம். எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கியாயிற்று. அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டி நகர்ந்தது. நான் கையை ஆட்டிவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருக்க வேண்டும். போனேனா? முன் சக்கரத்தோடு கூடவே நடந்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. கடுகு டப்பாவைச் சாய்த்தது போல, சக்கரத்துக்குள்ளிருந்து சரசரவென்று ஒரு சத்தம்.

“நிப்பாட்டுங்க மச்சான்!”

குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் உள்ளே இருக்கிற பிரேக் டிரம்முக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு குழாய். திறப்பு இல்லை, மூடி இல்லை, எழுத்து எதுவும் இல்லை. விரலால் தட்டினேன். உள்ளே குருணை குருணையாக என்னமோ உருண்டது. அந்தப் பக்கச் சக்கரத்திலும் அதே தட்டு, அதே சத்தம்.

“இது என்ன மச்சான்?”

“யாருக்குத் தெரியும்? வாங்கையிலயே இருந்துச்சு. வண்டியோட வந்தது வண்டியோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“வேற வண்டில எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?”

“இல்லையே.”

அந்த ஒரு ‘இல்லையே’ எனக்குப் போதுமாக இருந்தது. வேறு ஊராக இருந்தால் என்னவோ வண்டிச் சாமான் என்று விட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. மூடிய குழாய்க்குள் குருணை உருண்டால் அது மருந்துதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. நான் மண்ணில் படுத்து, சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டேன். பேன்சி வெடிக்குள் போட்டு வானத்தில் பூப்பூவாய் விரிய வைக்கிற மணி மருந்தேதான் என்று என் காது சொன்னது. வடக்கே எவனோ எதற்கோ ஒளித்து வைத்திருக்கிறான். பிரேக் சூடானால் மருந்து தீப்பிடிக்கும், அதற்கு மேலே ஒரு லாரிப் பட்டாசு, அதற்கு முன்னால் என் மச்சான்.

“எல்லாரும் ஓடுங்க!” என்று கத்தினேன். லோடு ஏற்றிய பெண்கள் வேப்பமரத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள். மச்சான் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

“மாப்ள, நேரமாகுது. நல்லாத் தெரியுமா ஒனக்கு?”

“மச்சான், நான் போர்மேன்.”

(இந்த வாக்கியத்தை அதற்கப்புறம் நான் எங்கேயும் சொன்னதில்லை.)

ஒரு படம் எடுத்து யாருக்காவது அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கம்பெனிக்குள் போன் கூடாது. எங்கள் எல்லார் போனும் கேட்டில் வாட்ச்மேன் பெட்டிக்குள் கிடந்தன. நடந்துபோய் எடுத்திருக்கலாம். ஓடுவதற்கும் கத்துவதற்குமே எனக்கு நேரம் போதவில்லை.

ஏற்றிய பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளி, பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவந்து இரண்டு தட்டையும் கழற்றினோம். எங்கள் ஊரில் கெட்டுப்போன மருந்தைத் தண்ணீரில் போட்டுத்தான் சாகடிப்பது. நானே இரண்டு கையாலும் ஏந்திப் போய் டிரம் தண்ணீருக்குள் முக்கினேன். நாலைந்து குமிழிகள் கிளம்பின.

“பாத்தீகளா!” என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையிலேயே நான் பெரிய ஆளாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

திரும்ப லோடு ஏற்றி வண்டி கிளம்பியபோது வெயில் ஏறிவிட்டது. வேகமாகப் போனால் இன்னும் சாயங்காலத்துக்குள் எட்டிவிடலாம். அப்புறம்தான் போனை வாங்கி, தட்டைப் படம் எடுத்து டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒருத்தர் இட்லித் தட்டு என்றார். ஒருத்தர் புதையல் என்றார், பாதி எனக்கு என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்குள் மச்சானிடமிருந்து போன்.

“மாப்ள, விருதுநகர் தாண்டி நாலுவழிச் சாலைல ஏறி வேகம் எடுத்தேன். வண்டி சாமியாடுது. ஸ்டியரிங்கப் பிடிக்க முடியல, கையெல்லாம் உதறுது. என்னத்தலே கழட்டுன?”

அதே நேரத்தில் குரூப்பில் நாமக்கல் டிரைவர் ஒருத்தர் எழுதினார். அது சக்கரத்தின் எடையைச் சமன்செய்யத் தனியாக வாங்கி மாட்டுவது. குழாய்க்குள் இரும்புக் குண்டுகளும் எண்ணெயும் இருக்கும். சக்கரம் சுற்றும்போது எந்தப் பக்கம் எடை குறைவோ அந்தப் பக்கம் குண்டுகள் போய் நிற்கும். ரிம் பழசான வண்டி என்றால் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

“மச்சான், நகராதீக! நான் கொண்டாறேன்!”

தண்ணீர் டிரம்மிலிருந்து தட்டுகளை எடுத்து, கயிறு கட்டி, மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பைக்கை முறுக்கினேன். விருதுநகருக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடி. ஒரு ஏட்டையா கையைக் காட்டினார்.

“ஓரங்கட்டு. என்னலே அது கழுத்துல?”

“லாரிச் சக்கரத்துல மாட்டுறது சார்.”

லத்தியால் ஒரு தட்டு தட்டினார். சரசர. அவர் முகம் மாறியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், காலையில் நான் வைத்திருந்த முகம்தான்.

“எந்த ஊரு?”

“நாரணாபுரம் சார்.”

“என்ன வேலை?”

“பட்டாசுக் கம்பெனி சார்.”

ஏட்டையா ரெண்டடி பின்னால் போனார். “ஏன் நனைஞ்சிருக்கு?”

“தண்ணில போட்டு வச்சிருந்தோம் சார்.”

“எதுக்கு?”

“மருந்துன்னு நெனச்சு...” என்றேன்.

அவ்வளவுதான். “ஏலே, எல்லாரும் தள்ளிப் போங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிரே டீக்கடையே காலியானது. தட்டுகள் மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. வாட்ஸப்பைக் காட்டினேன். “ஒருத்தன் இட்லித் தட்டுங்கான், ஒருத்தன் புதையலுங்கான், இதுல யார நம்பச் சொல்லுத?” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மேலதிகாரி வரும்வரை உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன், தொட்டியை எட்டிப் பார்த்தேன், “ஒரு எடத்துல இருலே!” என்று திட்டு வாங்கினேன். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க விடவில்லை.

வெயில் தாழ்ந்தபின் வந்த அதிகாரி ஒரு தட்டை அறுத்துப் பார்த்தார். மிளகு மிளகாக இரும்புக் குண்டுகள் எண்ணெயோடு வழிந்து அவருடைய பூட்ஸை நனைத்தன. என்னைப் போகச் சொன்னார்கள். மச்சான் அதற்குள் காத்திருந்து பார்த்துவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் கிளம்பியிருந்தார். லோடு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. சீசன் லோடு முழுக்க அடுத்த வண்டிக்காரருக்குப் போனது.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சான் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஓட்டப் போனார். “கல்லு வெடிக்காது. அங்கன போர்மேனும் கிடையாது” என்று ஊரெல்லாம் சொன்னார். என்னிடம் மட்டும் பேசவில்லை. பக்கத்திலேயே நின்றாலும், “ஒன் தம்பியச் சாப்பிடச் சொல்லு” என்று அக்காவிடம்தான் சொல்வார். எஞ்சிய ஒரு தட்டு அவர் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் பிரிமணையாகக் கிடந்தது.

எனக்கு மகள் பிறந்தபோது அக்காவோடு மச்சானும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. கஞ்சி என்று நினைத்து என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கிலுகிலுப்பை.

“கடையில ஆட்டிப் பாத்தேன் மாப்ள” என்றார் என் முகத்தைப் பார்த்து. “சரசரன்னு சத்தம் வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு முக்கிக் கொண்டாந்துட்டேன்.”

வார்டே சிரித்தது. நான் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஜாமெட்ரி பாக்ஸைக் குலுக்கிக்கொண்டே அத்தை வீட்டுக்குள் நுழைந்தால் போதும், மச்சான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அவளும் ஒரு தடவைகூடத் தவறாமல் பாக்ஸை உள்ளே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நனைந்த பென்சில்களைத் துடைத்து வெயிலில் காயவைப்பது என் வேலை. சும்மா இருக்கத் தெரியாத ஆளுக்கு இதுதான் லாயக்கு என்கிறாள் அக்கா.