காதில் வைத்த பென்சில்

"அண்ணே, காதுல என்ன வச்சிருக்கீக?"

சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளி இப்படிக் கேட்டதும் மாயக்கண்ணன் ஆசாரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருடமாகத் தச்சு வேலை பார்க்கிறவர் காதில் வேறென்ன இருக்கும்?

"பென்சிலு" என்றார்.

"யாரு பென்சிலு?"

"என் காதுல இருந்தா என்னுதுதான்."

காவலாளி எட்டி அதை எடுத்தார். பென்சிலின் வால் பக்கம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் கோடு கோடாக விலைக்குறியீடு. ஆசாரியின் சொந்தப் பென்சில், பாதி தேய்ந்தது, சட்டைப் பையில் சமர்த்தாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வீட்டில் அக்கம்மாள் ஒரு சீட்டில் பதினான்கு சாமான் எழுதிக் கொடுத்திருந்தாள். வாங்கியதைச் சீட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனவர், எழுதுபொருள் அடுக்கில் கைக்கு எட்டிய பென்சிலை எடுத்து, துவரம்பருப்பையும் சீயக்காயையும் அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் காதில் செருகிக்கொண்டார். பதினான்கு சாமானுக்கும் காசு கொடுத்தார். காதுக்குக் கொடுக்கவில்லை.

வேறு யாராவது இருந்தால் "அட, மறந்துட்டேன்" என்று பத்து ரூபாயை நீட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆசாரிக்கு அது வாயில் வரவில்லை. காரணம் அவர் இடுப்பில் தொங்கியது. நாலு சாவிக்கொத்து. கோட்டையூரில் இரண்டு, பள்ளத்தூரில் ஒன்று, நெற்குப்பையில் ஒன்று என்று நாலு பெரிய வீடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை கதவு என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஆசாரிதான் வாராவாரம் திறந்து, காற்றாட விட்டு, கரையான் பார்த்து, ஓடு மாற்றிப் பூட்டிவிட்டு வருவார். நம்பிச் சாவி கொடுக்கலாம் என்ற பெயர்தான் அவருடைய பிழைப்பு. அந்தப் பெயரில் கீறல் விழுந்தால் இழைப்புளியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில் ஒரு பொய் சொன்னார். "வீட்டுலேருந்தே வச்சுக்கிட்டு வந்தேன்."

காவலாளி ஸ்டிக்கரைப் பார்த்தார். ஆசாரியைப் பார்த்தார். பிறகு மானேஜரைக் கூப்பிட்டார்.

மானேஜர் ரவிக்குமார் ரொம்ப மரியாதையான ஆள். உள்ளறைக்குக் கூட்டிப் போய் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "பெரிசு பண்ண வேணாம் சார். இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்" என்றார்.

பாரத்தில் பொடி எழுத்தாக இருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது. வெளியே கூட்டம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி சட்டென்று கையெழுத்துப் போட்டார். போட்டோவுக்குப் பென்சிலைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். தெரிந்தவர் யாராவது எடுத்தால் சிரிப்போமே, அப்படி லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு வாட்ஸ்அப்பில் காரைக்குடியைச் சுற்றி வந்துவிட்டது. யார் அனுப்பியது என்று தெரியவில்லை. 'உஷார், நம்ம கடைகளுக்கு வரும் நபர்' என்று மேலே எழுதியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர் வீட்டுக்காரர் பேசினார். திட்டவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

"பத்து ரூவாயைக் குடுத்து, மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கம்மாள்.

"சொன்னா திருடன்னு ஆயிரும்டி."

"சொல்லாமலே ஆயிட்டீகளே."

ஆசாரிக்குச் சுருக்கென்றது. இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மானத்தை வாங்கிய கடைக்காரன் மேல் புகார் கொடுக்க.

ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாகக் கேட்டார். "இத்தோட விட்டுட்டுப் போயிருங்க ஆசாரியாரே. ரெண்டு நாள்ல ஊரு மறந்துரும்."

"அதெல்லாம் முடியாதுங்க. அவனைக் கூப்பிட்டு விசாரிங்க."

கூப்பிட்டார்கள். ரவிக்குமார் பாரத்தோடு வந்தார். ரைட்டர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "'மேற்படி பொருளைத் தெரிந்தே, பணம் செலுத்தாமல், மறைத்து எடுத்துச் சென்றேன்.' கையெழுத்து ஒங்களுதா?"

"கையெழுத்து என்னுதுதான். வாசகம் என்னுது இல்ல."

"வாசகத்துக்கு அடியிலதானே போட்டிருக்கீக."

தன் மேலேயே புகார் கொடுக்க வந்த ஆளை ரவிக்குமார் சும்மா விடுவாரா? மரியாதையெல்லாம் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து எதிர்ப்புகார் எழுதிக் கொடுத்தார். புகார்தாரராக உள்ளே போன மாயக்கண்ணன் ஆசாரி, பதினொரு மணிக்குத் திருட்டுப் புகாரில் எதிராளியாக வெளியே வந்தார். மறுநாள் கோட்டையூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஆள் அனுப்பிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இடுப்பில் நெற்குப்பைச் சாவி மட்டும் மிஞ்சியது. நடந்தால் சத்தமே கேட்கவில்லை. அவருக்கு அழுகையாக வந்தது.

வக்கீல் ராஜப்ரியா தேவகோட்டைப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டாள், "இதுக்கு மேல நீங்களா எதுவும் பண்ணலையே?"

"இல்லம்மா."

"பண்ணாதீக. இப்ப கேளுங்க. திருட்டுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு உண்டு."

ஆசாரி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாக் கேளுங்க. பொருளு ஐயாயிரத்துக்குக் கீழ, ஆளு முதல் தடவை, பொருளையும் திருப்பிக் குடுத்தாச்சுன்னா ஜெயிலு கெடையாது. சமுதாய சேவைதான். ஆஸ்பத்திரி கூட்டுறது, பள்ளிக்கூடம் கூட்டுறது, அந்த மாதிரி. போலீசும் கோர்ட்டு அனுமதி வாங்காம இதைக் கையில எடுக்க முடியாது. குற்றத்தை ஒத்துக்கிட்டீகன்னா சீக்கிரம் முடிஞ்சுரும்."

"வெளக்குமாத்தோட என்னைப் பாத்தா எவன்மா சாவி குடுப்பான்? நாலு வீட்டுல ஒத்த ஆளாப் பொழங்கியிருக்கேன். ஒரு ஆணி எடுத்ததில்ல."

"அப்பச் சண்டை போடுவோம். சட்டத்துல கெட்ட எண்ணம் இருந்தாத்தான் திருட்டு. மறதியா எடுத்தா திருட்டே கெடையாது. திருடுறவன் என்ன செய்வான்? மறைப்பான், அடையாளத்தை அழிப்பான். நீங்க ஸ்டிக்கரோட ஊரு பாக்கக் காதுல வச்சுக்கிட்டு வந்திருக்கீக. அதுதான் நம்ம கட்சி."

ஆசாரிக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"ஆனா அந்தப் பாரம் இடிக்குது" என்றாள் ராஜப்ரியா. "ஒங்களை நல்லாத் தெரிஞ்ச பெரிய மனுசங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா நல்லது. யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்கள்? நெற்குப்பைச் சாவிக்காரர் சிகப்பி ஆச்சிதான். வாட்ஸ்அப் பார்க்காத ஒரே வீட்டுக்காரர். ஆசாரி சென்னைக்குப் போன் போட்டு, பென்சில் முதல் பாரம் வரை எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு லெட்டர் மட்டும் போதும் ஆச்சி."

"லெட்டரு என்னத்துக்கு? நானே வாரேன்" என்றார் ஆச்சி.

சொன்னபடி மூன்றாம் நாள் ஆச்சி வந்து இறங்கினார். எழுபது வயது, சாதாரண நூல் சேலை, கையில் ஒரு துணிப்பை. ஸ்டேஷனில் எஸ்.ஐ. சத்தியமூர்த்தி எழுந்து நாற்காலி போட்டார். ஒரு பக்கம் ராஜப்ரியா, எதிர்ப்பக்கம் ரவிக்குமார். ஆச்சி நீட்டி முழக்கவில்லை.

"பன்னண்டு வருசமா எங்க வீட்டுச் சாவி இவன்கிட்ட இருக்கு. வீட்டையே நம்பி விட்டுட்டுப் போயிருக்கேன். இவனா ஒங்க பென்சிலை எடுப்பான்?"

ஆசாரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவர் யார் வாயிலும் கேட்டதில்லை. கடை இருக்கும் கட்டடம் ஆச்சியின் தம்பியுடையது என்பது ரவிக்குமாருக்கு அப்போது எஸ்.ஐ. சொல்லித்தான் தெரிய வந்தது. அவர் பேனாவை எடுத்து, தவறுதலாக நேர்ந்தது, புகாரை வாபஸ் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கோர்ட்டு அனுமதிக்குப் போக இருந்த காகிதத்தை எஸ்.ஐ. அப்படியே முடித்துவைத்தார். போன மூன்று சாவிக்காரர்களிடமும் தானே பேசுவதாக ஆச்சி சொன்னார்.

அத்தோடு ஆசாரி வீட்டுக்குப் போயிருக்கலாம். சந்தோஷம் யாரை விட்டது?

"ஆச்சி, எங்க வீட்டுல ஒரு வாய் காப்பி சாப்பிடாமப் போகக் கூடாது. ஐயாவும் வரணும். வக்கீலம்மாவும்."

பன்னிரண்டு வருடமும் ஆசாரிதான் ஆச்சியைத் தேடிப் போயிருக்கிறாரே தவிர, ஆச்சி அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. "கூப்பிடுறான், போவோம்" என்றார் ஆச்சி. ஆசாரி வீடு இருந்த கோட்டையூர்ப் பக்கம் எஸ்.ஐ.க்கும் வேலை இருந்தது. "அங்குட்டுத்தான் போறேன், ஜீப்புல வாரேன்" என்றார்.

ஆசாரி அக்கம்மாளுக்குப் போன் போட்டார். "கேஸு முடிஞ்சுபோச்சுடி. ஆச்சி நம்ம வீட்டுக்கு வாராக. எஸ்.ஐ.யும் வாராரு. நல்ல டிகாக்சனாப் போடு."

"வீட்டுக்கா? யோசிச்சுத்தான் கூப்பிட்டீகளா? பஸ் ஸ்டாண்டுப் பக்கமா ஓட்டல்ல வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க."

"ஒரு சொட்டுப் பாலுக்கு இம்புட்டுக் கணக்குப் பாக்குறியே. அவுக இல்லைன்னா நான் இன்னைக்கு வெளக்குமாத்தைப் பிடிச்சிருப்பேன். பேசாமப் பாலை வையி."

வீட்டுக்குப் போனபோது கூடம் பளிச்சென்றிருந்தது. உள்ளறை வாசலில் அக்கம்மாள் தன் பட்டுச் சேலையைத் திரைபோலக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நல்லதொரு அலங்காரம் என்றுதான் ஆசாரி நினைத்தார். ஆச்சிக்கு வியர்க்கிறதே என்று மேசைவிசிறியை அவர் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் வைத்தார்.

சேலை எழும்பியது. ஒரு ஓரம் கழன்று சரிந்தது.

ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய், மீதிச் சேலையையும் மெதுவாக ஒதுக்கினார். அதுவரை ரவிக்குமாரின் முகம் போன போக்கைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எஸ்.ஐ.யும் எழுந்து எட்டிப் பார்த்தார். அடுக்களையில் அக்கம்மாள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. தினம் பத்துத் தடவை கைவைத்துத் திறந்து மூடுகிற கதவு. அதை வேறு ஆட்கள் பார்ப்பார்கள் என்பதே ஆசாரிக்கு மறந்துபோயிருந்தது. போனில் அவள் என்ன சொன்னாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பர்மாத் தேக்கு. மேலே தாமரை, இரண்டு பக்கமும் கிளிகள். கிளிகளுக்கு நடுவில் ஒரு சாண் இடம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஆச்சி அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இந்த எடத்துலதானே எங்க அப்பச்சி பேரு செதுக்கியிருந்துச்சு மாயக்கண்ணா, அதை மட்டும் ஏம்ப்பா இழைச்சு எடுத்தே?"