நான்கு விரற்கடைப் போர்

வாழ்க சவரிநாதர்! பொன்மலை ரயில்வே பட்டறையின் எழுத்தர்குலத் திலகம், மேலதிகாரியின் இருமலுக்கும் கலங்காத தீரர், நெஞ்சுரத்தில் ஏழடியும் நிலத்தின்மேல் ஐந்தடி ஓரங்குலமும் உயர்ந்த மேலப்புதூர்ச் சிங்கம், அவர் புகழ்பாடப் புகுந்தோம். பக்கத்து வீட்டு ஏணியே, எமக்குத் துணை நிற்பாயாக! ஆனால் அந்த ஏணி அன்று வெள்ளையடிக்க உறையூர் போயிருந்தது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு, செபமாலை மாதமாகிய அக்டோபரில், வீடு வீடாக எழுந்தருளும் மாதா சுரூபம் ஊர்சூழ மாலை ஆறரைக்குச் சவரிநாதர் இல்லம் புக இருந்த அந்தப் புண்ணிய நாளில், ஆறு மணிக்குக் கூடத்து பல்பு ‘டப்’பென்று வீரசுவர்க்கம் எய்தியது. வயரை மிச்சம் பிடித்த வீட்டுக்காரர் அதை உத்தரத்தோடு ஒட்டித் தொங்கவிட்டிருந்தார்.

எட்டும் கை ஒன்று வீட்டிலேயே இருந்தது. மனையாள் லூர்துராணி அவரைவிட அரையடி உயரம். அந்த அரையடியை அவனி அறியாதிருக்கவே, கல்யாணப் போட்டோவில் அவளை நாற்காலியில் இருத்தித் தாம் நின்று, பதின்மூன்று ஆண்டுகளாகப் பூசைக்கு நாலெட்டு முன்னே நடந்து, எந்தச் சபையிலும் அவளருகே நில்லாத நோன்பு காத்துவந்தார் நம் வீரர். “நான் ஏறட்டுங்களா?” என்று அவள் வாயெடுத்ததுதான் தாமதம், முழங்கினார்:

“இந்த வீட்டு ஆம்பளை உசுரோட இருக்கிற வரைக்கும், பல்பை அவன்தான் மாட்டுவான்!”

முழங்கியவர் மூடரல்லர். மெயின் சுவிட்சை அணைத்தார். ஈரக்கை ஆகாதென்று கைகளைத் துண்டில் மும்முறை துடைத்தார். சாப்பாட்டு மேசையை இழுத்து, அதன்மேல் முக்காலியை ஏற்றி, வேட்டியைத் தார்பாய்ச்சி, பட்டத்து யானைமேல் ஏறும் பாண்டியன்போல் மெல்ல ஏறி நிமிர்ந்து, குதிகால் உயர்த்தி, விரல் நீட்டி, மூச்சையும் மேலே இழுத்துப் பார்த்தார். நான்கு விரற்கடை குறைந்தது. புதுக்கோட்டை ராஜ்ஜியம் போனபோதுகூட இத்தனை துயரம் யாருக்கும் இருந்திருக்காது.

இறங்கினார், அலமாரியிலிருந்த தடித்த வேதப் புத்தகத்தை நோக்கினார். “அது மேல காலை வச்சு ஏறினீங்கன்னா, மாதா வாசலோட திரும்பிப் போயிடுவாங்க” என்றாள் லூர்துராணி. ஆகவே அரிசி அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து முக்காலிமேல் வைத்து, அதன்மேலும் ஏறினார் அந்த அஞ்சா நெஞ்சர். விரல்நுனி பல்பைத் தொட்டது. வெற்றித்திரு அவரை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள். அதே கணத்தில் மரக்கால் சறுக்க, முக்காலி ஆட, மேசை முனக, மேலப்புதூர்ச் சிங்கம் உத்தரத்தைப் பற்றிக்கொண்டு வௌவாலாயிற்று.

லூர்துராணி இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “விழுந்து தொலைச்சீங்கன்னா மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்? உங்க வீராப்புல இடி விழ! இறங்குங்க!” என்று அலறினாள். அவள் பிடி இன்னும் இறுகியது. பதின்மூன்று ஆண்டு நோன்பு அந்தப் பிடியின் முன் நிற்கவில்லை. வெட்கத்தோடும் பரிதாபத்தோடும் இறங்கினார்.

“மாதா பக்கத்து வீட்டுக்கு வந்தாச்சு!” என்று வாசலில் கட்டியம் கூறினாள் எதிர்வீட்டு அற்புதம்மாள்.

“கையைத் தொடைச்சுக்க, ராணி. நீ ஏறு. நான் முக்காலியைப் புடிச்சுக்கிறேன்” என்றார் சவரிநாதர்.

மரக்காலின்றியே அவள் கை எட்டியது. பழையதை அழுத்தித் திருகிக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, அவர் தோளைப் பற்றி அவள் இறங்கியதும், அவர் ஓடிப்போய் மெயினைப் போட்டார். கூடம் பகலாயிற்று. அதே நொடியில், முப்பது மெழுகுதிரிகளும் அறுபது கண்களும் பாட்டோடு உள்ளே நுழைந்தன. மாதாவை அந்தந்த வீட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றல்லவா கையேந்தி வாங்கவேண்டும்! ஒளிய ஓர் இருள்மூலையும் இல்லாத அந்தப் பேரொளியில், மண்ணே பிளந்து என்னை விழுங்கு என்று உள்ளம் ஓலமிட, ஊர் நகைப்பு இடியாய் இறங்கப்போகும் அக்கணத்துக்குத் தலைகொடுத்து, மனைவியின் காதளவு உயர்ந்து, அவள் பக்கத்தில் போய் நின்றார் மாவீரர்.

அற்புதம்மாள் பல்பை அண்ணாந்து பார்த்து, “அறுபது வாட்டா?” என்று கேட்டாள்.