பார்க்காமல் போட்ட கும்பிடு

குன்னம் தாலுகாவில் குட்மார்னிங் மாமாவைத் திட்டாத போன் கிடையாது. காலை ஐந்து மணிக்கு ‘டிங்’ என்று சத்தம் வந்தால் அது அவர்தான். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, கன்னத்தில் கை வைத்த குழந்தை, நடுவில் ஜிகினா எழுத்தில் ‘காலை வணக்கம்’. வாட்ஸ்அப்பில் அவரை மியூட் செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும். வரிசையில் முதல் ஆள் நான்தான்.

மாமாவுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. எங்கள் தெருமுனையில் கடை. கிணற்று மோட்டாரோ, வீட்டு மோட்டாரோ, எரிந்துபோனால் அவரிடம்தான் வர வேண்டும். வந்தவரின் நம்பரைக் கையோடு வாங்கிப் போனில் ஏற்றிவிடுவார். ஆளின் பெயர் அவர் நினைவில் நிற்காது, மோட்டார்தான் நிற்கும். ‘அஞ்சு எச்பி பெரியவரு’, ‘சப்மெர்சிபிள் டீச்சர்’, ‘மூணு தடவ எரிஞ்சவரு’ என்றெல்லாம் பதிந்து வைத்திருப்பார். நான் ‘ஓப்பன்வெல் ராமு மவ’. பஸ் டெப்போ மேலாளர் வீட்டுத் தொட்டிக்கு ஒரு குட்டி மோட்டார் இருந்ததால், அவர் ‘அரை எச்பி’. அத்தனை பெரிய அதிகாரியை அரையாகச் சுருக்கியதில் மாமாவுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

நான் அப்போது பெரம்பலூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். எங்கள் தெருவில் தாத்தா காலம் வரை எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். காலேஜ் வாசலை மிதித்த முதல் செட் பெண்கள் நாங்கள் நான்கு பேர். காலை எட்டேகாலுக்கு ஒரே ஒரு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதும், அந்த பஸ் டிரைவரின் கண்ணுக்கு எங்கள் ஸ்டாப் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் கையை நீட்டுவோம். அவர் மக்காச்சோளக் காட்டை ரசித்தபடி போய்விடுவார். “ஓசி டிக்கெட்டுவோ” என்று கண்டக்டர் படியில் நின்று சொல்லிவிட்டுப் போவது மட்டும் காதில் விழும்.

மெயின் ரோடு வரை நடந்து வேறு பஸ் பிடித்தால் முதல் வகுப்பு போய்விடும். அரை நாள் ஆப்சென்ட். “இன்னும் ஆறு நாள் போச்சுன்னா நீ பரீட்சை எழுத முடியாதும்மா” என்று துறைத் தலைவி மேடம் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னால் அப்பா, “பஸ்ஸு நிக்கலன்னா நாம என்னா பண்றது? வெங்காயம் புடுங்க ஆளு கேக்குறாங்க, போறியா?” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பஸ் கண்ணாடியில் கல் விடலாமா என்றுதான் தோன்றியது.

ஒருநாள் காப்பர் கம்பி வாங்க மாமா எங்களோடு ஸ்டாப்பில் வந்து நின்றார். பஸ் சாதுவாக வந்து நின்றது.

“ஒங்களுக்காகத்தான் மாமா நின்னுச்சு. நீங்கதான டிக்கெட் எடுப்பீங்க” என்றேன்.

“அப்படியா சேதி” என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே சலவை வேட்டி, கையில் பையோடு வந்துவிட்டார். பஸ் நின்றது. நாங்கள் நால்வரும் ஏறினோம். மாமா அசையவில்லை.

“யோவ், ஏறுய்யா” என்றார் கண்டக்டர்.

“நான் எங்க வரேன்? புள்ளைவள ஏத்திவிட வந்தேங்க. போயிட்டு வாங்க.”

இப்படி மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் கண்டக்டர் எட்டிப் பார்த்து, “நாளையிலேருந்து ஒனக்கும் நிக்காது” என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

மாமாவுக்கு மனு எழுதத் தெரியாது. ஃபேஸ்புக்கில் பொங்கத் தெரியாது. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். மறுநாள் காலை ஐந்து மணிப் படத்தில் ரோஜா இருந்தது, காபி இருந்தது. குழந்தை இருந்த இடத்தில் ஓடுகிற பஸ்ஸின் முதுகும் எங்கள் நான்கு கைகளும் இருந்தன. ஜிகினா எழுத்தில், ‘காலை வணக்கம். நேற்றும் நிற்கவில்லை. இந்த நாள் இனிய நாள்.’

ஒன்பது நாள் அனுப்பியிருக்கிறார். யார் பார்த்தார்கள்? குட்மார்னிங் படத்தைத் திறந்து பார்க்கிறவர் உலகத்தில் உண்டா? நானே பார்க்கவில்லை. இதற்குள் என் ஆறு நாளில் நாலரை நாள் கரைந்துவிட்டது.

பத்தாம் நாளிலிருந்து காலேஜ் இரண்டு நாள் லீவு. மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். “இந்தாம்மா, இங்கிலீசுல என்னமோ வந்துருக்கு, படிச்சு சொல்லு.”

‘சேம் டு யூ’ என்று யாரோ போட்டிருந்தார்கள். அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். அப்படியே ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்து அரை எச்பியிடம் நின்றுவிட்டேன். ஒன்பது படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கும்பிடு கை.

“மாமா, இவரு டெப்போ மேனேஜர்.”

“தெரியும். தெனமும் கும்புடுறாரு, தங்கமான மனுசன். ஆனா பஸ்ஸு மட்டும் நிக்க மாட்டேங்குது.”

ஒன்பது படங்களையும் ஒன்பது கும்பிடுகளையும் ஒரே படமாக ஒட்டினேன். மேலே, ‘பஸ் நிற்கவில்லை. மேலாளர் வணங்குகிறார்’ என்று எழுதினேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“ரோசா எங்கம்மா? ரோசா இல்லாம அனுப்புனா மரியாத இல்ல.”

நான்கு மூலையிலும் ரோஜா வைத்து அனுப்பினோம். மத்தியானத்துக்குள் உடையார்பாளையம் போய்விட்டது. சாயந்திரம் திருமானூரிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண், தன் ஊர் ஸ்டாப்பைப் படமெடுத்து அனுப்பினாள். ‘எங்களுக்கும் நிற்கவில்லை.’ மறக்காமல் ரோஜா வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது.

மறுநாள் அரை எச்பி கடைக்கே வந்துவிட்டார். என்னோடு ஓடி வந்த அப்பா, “மன்னிப்பு கேட்டுரு மச்சான்” என்று மாமாவின் காதைக் கடித்தார்.

“ஏங்க, நான் பார்க்காம கும்பிட்டுட்டேன்” என்றார் மேலாளர்.

“அதனால என்ன சார், ஒங்க பஸ்ஸும் பார்க்காமத்தான போவுது.”

“விளையாடாதீங்க. இதுக்குக் கேஸ் போட முடியும்.”

“தாராளமா போடுங்க. குட்மார்னிங் சொன்னது குத்தம்னு எழுதித் தாங்க, அதையும் ரோசா வச்சு அனுப்புறேன்.”

மேலாளர் இறங்கி வந்தார். “அதையெல்லாம் அழிச்சிடுங்க. நாளைக்கு பஸ் நிக்கும்.”

எனக்குள் எதுவோ எரிந்தது. “அழிக்க முடியாது சார். எனக்குப் போன நாளெல்லாம் திரும்பி வருமா? நாங்க ஓசியில வரல, படிக்க வரோம்” என்றேன். அப்பா என்னை முறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல், “புள்ள சொல்லிருச்சுல்ல சார். நின்னா அதையும் போடுவேன். பழசு அழியாது” என்றார்.

மறுநாள் பஸ் நின்றது. நாங்கள் ஏறும்போது மாமா போனைத் தூக்கிக்கொண்டு, “கண்டக்டர் தம்பி, கொஞ்சம் சிரிங்க” என்றார். அடுத்த நாள் ஐந்து மணிக்கு, ‘காலை வணக்கம். நேற்று நின்றது’ என்று படம் போனது. வெகுநேரம் ஒருவரும் கும்பிடவில்லை. அத்தனை பேரும் படத்தைப் பெரிதாக்கிச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கும்பிடு ஆறரை மணிக்கு வந்தது, அரை எச்பியிடமிருந்து.

ஒன்றரை நாள் மிச்சத்தில் நான் பரீட்சை எழுதினேன். இப்போது அரியலூரில் வேலை. செல்போன் வந்துதான் நாடு குட்டிச்சுவரானது என்று ஆபீஸில் யாராவது ஆரம்பித்தால், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வேன். முழுதாகக் கேட்டால்தான் விடுவேன்.

இன்று காலையும் ஐந்து மணிக்கு ‘டிங்’ என்றது. வெறும் ரோஜா, காபி, குழந்தை. மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கித் தேடினேன், பஸ் எங்கும் இல்லை. ஊரில் பஸ் நிற்கிறது, மாமாவும் நன்றாக இருக்கிறார். ஒரு கும்பிடு போட்டேன். இந்தக் கும்பிடு பார்த்துப் போட்டது.