வசவில் ஓடிய வீடியோ கேம்

திட்டு வாங்கினால் முகம் வாடுகிறவர்களை நாடு முழுக்கப் பார்த்திருப்பீர்கள். திட்டு கிடைக்கவில்லையே என்று முகம் வாடிய ஒரே பிறவி எங்கள் ஓசூர் லாட்ஜில்தான் இருந்தது.

பெற்றவர்கள் ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவன் வசவு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தொழிற்பேட்டைக் கம்பெனிக்கு, குவாலிட்டி பிரிவுக்கு வந்தவன். எனக்கு ரூம்மேட்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெங்களூரிலிருந்த மாமா மகனிடம் ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்தான். பார்க்க டைப்ரைட்டரின் தம்பி மாதிரி இருக்கும். டிவியில் செருகினால்தான் உயிர் வரும். எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு சொந்தமாக வீடியோ கேம் செய்யப் போவதாக அறிவித்தான். பொங்கல் முடிந்ததும் மாமா மகன் வெளிநாடு போகிறான், மெஷின் அவனிடம் திரும்ப வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் ஜென்மத்துக்கும் முடியாது.

லாட்ஜுக்கு ஒரே டிவி. ஓனர் முனியப்பாவுடையது. ஆன்டெனா பெங்களூரைப் பார்த்து நிற்கும். ஞாயிறானால் கன்னடப் படம். எங்களில் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியாது, அழ வேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைப்போம். ஆனாலும் படம் படம்தானே? அந்த டிவியில் போய் இவன் ஒயரைச் செருகினான்.

முனியப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

"ஏம்பா, கரண்டு பில்லு உங்கப்பன் கட்றானா? டிவி பொகஞ்சிச்சின்னா உன்ன பொகைச்சிடுவன், ஆமா!"

வேறொருவனாக இருந்தால் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பான். இவன் முகம் மலர்ந்தது. அன்றைக்கே திரையில், கட்டை மீசை வைத்த சதுரத் தலை ஒன்று கரண்டு பில்லைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தது. அதன் தலையில் குதித்துத் தப்பித்துப் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

அடுத்தது மெஸ் அக்கா. கெலமங்கலத்துக்காரர். இவன் ராகிக் களியைத் தட்டோரம் ஒதுக்கியதைப் பார்த்துவிட்டார்.

"களி எறங்காத தொண்டைக்கு இந்த ஊர்ல என்னடா வேலை? எந்திரிச்சிப் போ!"

இரண்டாவது லெவலில் களி உருண்டைகள் பாறாங்கல் மாதிரி உருண்டு வந்தன.

"ஐடியாவெல்லாம் எங்கடா புடிக்கிற?" என்று கேட்டேன்.

"வசவுலதாண்ணே. எவராச்சும் வஞ்சாருன்னா அன்னைக்கு வேலை பிச்சுக்கிட்டு ஓடும்."

நான் சுபாவத்தில் சாது. ரூம்மேட்டாக இருந்தும் கேமில் எனக்கு இடமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு ஞாயிறு, செய்தவரைக்கும் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். முனியப்பா தன் மீசையைத் திரையிலேயே பார்த்தார். அதன் மேல் பசங்கள் மாறி மாறிக் குதிப்பதையும் பார்த்தார். மெஸ் அக்கா தன் களியைப் பார்த்தார். வந்தது வினை! டிவியிலேயே வந்துவிட்ட பெருமை இருவருக்கும் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து, "தம்பி, டிவி வேணுமாபா? போட்டுக்கோ." மெஸ்ஸில் அவனுக்கென்று தனியாக உலை வைத்துச் சோறு. எல்லோரும் சொக்கத் தங்கமாகிவிட்டார்கள். வசவு துவண்டு போனான். கடைசி லெவலுக்கு ஒரு ஐடியாவும் வரவில்லை.

முனியப்பாவிடம் போய்க் கெஞ்சினான். "ஓனரே, நல்லா வைங்க."

"எதபா?"

"யோசிக்காம வைங்க ஓனரே!"

வைவது என்றால் அவன் ஊரில் திட்டுவது. முனியப்பா கையிலிருந்த பக்கெட்டைப் பதமாகத் தரையில் வைத்தார். "வச்சிட்டன்பா. இப்ப சரியா?"

பாவம் என்று நாங்களே ஷிப்ட் போட்டுத் திட்டிப் பார்த்தோம். குவாலிட்டிக்காரனாயிற்றே, அத்தனையையும் ரிஜெக்ட் செய்தான். "மனசுலருந்து வரலையேண்ணே. வாய் மட்டுந்தான் வையுது."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வசவு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"விட்டுட்டேண்ணே. இது நம்மளால ஆகாது. குடுத்துட்டு வந்துர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"டேய்! உன் ஒயருக்காக எத்தனை படம் பாதியில எந்திரிச்சிருக்கோம்? அந்த மனுசன் தன் தலைமேல நீ குதிக்கறதப் பொறுத்துக்கிட்டு கரண்டு குடுத்தாரு. அந்தம்மா உனக்குன்னு தனியா உலை வச்சாங்க. எதுக்கு? நீ பையத் தூக்கிட்டு ஓடறதுக்கா? வெக்கங்கெட்டவனே, முடிக்காம வாசப்படியத் தாண்டின, காலை ஒடிச்சி அடுப்புல வச்சிருவேன்!"

வசவு என்னையே பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

"இதாண்ணே! இதத்தாண்ணே கேட்டேன்!"

பை திறந்தது. படம் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பொங்கலன்று கடைசி லெவல் தயார். பஸ் நிற்கிறது. படிக்கட்டில் கண்ணாடி போட்ட சதுரத் தலை ஒன்று விரலை ஆட்டுகிறது. சாட்சாத் நான். முனியப்பா முதலில் ஆடினார். என் தலையில் குதித்தார், செத்தார். தாண்டி ஓடினார், செத்தார்.

"என்னபா, இந்தாள ஜெயிக்கவே முடியலயே!"

"அவருகிட்ட குதிக்கக் கூடாது ஓனரே, ஓடவுங் கூடாது. சும்மா நின்னு கேக்கணும். வஞ்சு முடிச்சதும் அவரே கையப் புடிச்சு பஸ்ஸுல ஏத்தி விட்டுருவாரு."

மெஷின் பெங்களூர் போனது. பிறகு வசவும் வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டான். கேம் பதிந்த கேசட்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாததால் எப்போதாவது டேப் ரெக்கார்டரில் போடுவேன். கீச்கீச்சென்று ஒரே இரைச்சல். "என்ன கண்றாவி இது, நிறுத்துங்க!" என்பாள் மனைவி. நான் நிறுத்துவதில்லை. அந்த இரைச்சலில் எந்த இடத்தில் அவன் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.