சேஷாத்ரியின் பதினோரு பக்க ஆட்சேபணை

மனுப் போடுகிறவர்கள் உலகத்தில் பலர். மனுவுக்கென்றே பிறந்தவர்கள் சிலர். இந்த இரண்டாவது இனத்தை அடையாளம் காண்பது சுலபம்: சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல், வாயில் "ரைட்டிங்ல குடுத்துடுவோம்". பஸ் தாமதமா, ஒரு மனு. பூஜைப் பந்தலில் ஒலிபெருக்கி அலறுகிறதா, ஒரு மனு. போன மனுவுக்குப் பதில் வரவில்லையா, அதற்கும் ஒரு மனு. பதில் வந்துவிட்டாலோ, மனுஷர் வாடிப்போவார்.

டாலிகஞ்ச் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருக்கும் சேஷாத்ரி இந்த இனத்தின் சிங்கம். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தின் கோடியில் ஒரு குளம். சர்க்கார் நிலப் பதிவேட்டில் 'குளம்' என்று இருக்கிறவரை அதைத் தூர்க்கச் சட்டம் விடாது. ஒருநாள் அதன் சுவரில் வங்காள மொழியில் ஒரு நோட்டீஸ்: ஒரு பில்டர் அடுக்குமாடி கட்டப்போகிறார், அதற்காகக் குளம் என்பதை 'பாஸ்து' என்று மாற்றிப் பதியக் கேட்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் அலிப்பூர் ஆபீஸ் விசாரணைக்கு வரலாம்.

பதறியது கீழ்வீட்டு நீலாவதிதான். சந்தின் மழைத்தண்ணீரெல்லாம் அந்தக் குளத்தில்தான் வடிகிறது. குளம் போனால் அடுத்த பள்ளம் அவள் வீடு.

"சார், ஒரே வரி எழுதினாப் போதும். குளத்தை மூடினா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்னு. அந்த பாஸ்து வந்து..."

"அட என்னம்மா நீ! ஒரு வரியை எந்த ஆபீஸர் மதிப்பான்? வங்காளிக்கு 'வ' வராது, தெரியுமோ? விமலாவை பிமலாம்பான். பாஸ்துன்னா வாஸ்து! வாஸ்துவைக் காட்டி ஏமாத்தப் பாக்கறான் பில்டர். அங்கேயே பிடிக்கறேன் பாரு."

பிடித்தார். எப்படி என்கிறீர்கள்? பதினோரு பக்கம்! ஈசானிய மூலையில் நீர் இருப்பதன் மகிமை, நைருதியில் வாசல் வைப்பதன் ஆபத்து, 'வன்மையாக' என்பதா 'மிக வன்மையாக' என்பதா என்று மூன்று நாள் தமக்குத் தாமே சண்டை, பிறகு பவானிபூரில் ஓர் ஆளைப் பிடித்து வங்காளத்தில் டைப் அடித்து, சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கியாயிற்று. யாராவது படித்தார்களா? சேஷாத்ரி எழுதினதைப் படிக்கிறதாவது, நல்ல கதை!

விசாரணையில் அதிகாரி கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். "சேஷாத்ரி பாபு, நீங்கள் எதிர்க்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா?"

"மிக வன்மையாக எதிர்க்கிறேன்!"

"'இங்கே முறையான பாஸ்து அமைய வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே. எங்கள் பதிவேட்டில் பாஸ்து என்றால் வீட்டு மனை. பில்டரும் அதைத்தானே கேட்கிறார்?"

பில்டரின் வக்கீல் எழுந்து வந்து சேஷாத்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"வேறு யாராவது?"

நீலாவதி எழுந்தாள். "தாதா" என்று அவரை அண்ணனாக்கி ஆரம்பித்து, மீன் கடையில் பேசிப் பழகிய வங்காளத்தில் தன் ஒரே வரியைச் சொன்னாள். போன மழையில் குளம் எதுவரை ஏறியது என்று அதிகாரி கேட்டார். தன் வீட்டுக் கடைசிப் படி வரைக்கும் என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. குளம் குளமாகவே இருக்கும். காரணம், கீழ்வீட்டுப் பெண்மணியின் வாக்குமூலம். சேஷாத்ரிக்கு உண்மையிலேயே சந்தோஷம், கண்கூடக் கலங்கிற்று. உத்தரவை மறுபடி படித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். எங்கேயும் தம் பெயர் இல்லை. அன்று சாயங்காலமே அந்த உத்தரவின் மேல் ஆட்சேபணை எழுத உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே எங்கேயோ ஒரு தப்புக் கண்ணில் பட்டு, ஆசிரியருக்கு ரெண்டே வரி எழுதிப் போடலாமென்று கை துறுதுறுத்தால், கொஞ்சம் ஜாக்கிரதை. ரெண்டு வரியோடு நிறுத்துகிற ரகமில்லை நீங்கள்.